கல்லீரலின் காது

ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்துவதற்காகத்தான் சீராளனை வேலைக்கு எடுத்தார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேசை உண்டு, சுழல் நாற்காலி உண்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை உண்டு, தளத்துக்குத் தளம் இலவசக் காப்பி உண்டு. அதற்கு முன் அவன் வசனம் எழுதிக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொடரில் ஒரு மாமியார் மூன்று வருடமாக ஒரே பாயசத்தில் விஷம் கலந்துகொண்டிருந்தாள். யாரும் குடிக்கவில்லை. பொறுமையிழந்து தொடரையே நிறுத்திவிட்டார்கள். விஷம் கலக்கவும் தெரியாமல் கலந்ததை ஊற்றிக் கொடுக்கவும் தெரியாமல் நின்ற வசனகர்த்தா என்று தன்னைப் பற்றி அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அப்படித் திரிந்ததில் கிடைத்த வேலை இது.

திருத்த வேண்டிய வாக்கியம்: ‘தாங்கள் உணவு உட்கொண்டீர்களா?’

கேட்டது ஒரு வில்லை. பெயர் சமன். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். இடது கையில் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொத்தான் வழியாகப் பேசும், பதிலைக் கேட்டுக்கொள்ளும். கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களுக்கு இலவச முகாம்களில் பொருத்திக்கொண்டிருந்தார்கள். நகரத்தில் கல்லீரலில் கொழுப்பு படியாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால் முகாம்களில் நல்ல கூட்டம்.

“பாதிப் பேரு பதிலே சொல்ல மாட்டேங்கறாங்க சார்,” என்றான் திட்ட மேலாளர் ஹரிநிவாஸ். “தாலுகா ஆபீஸ்லேர்ந்து யாரோ கூப்பிட்ட மாதிரி பயந்துக்கறாங்க. ஒரு கிழவர் ‘எல்லா பேப்பரும் வீட்ல இருக்குங்க’ன்னு பதில் சொல்லியிருக்காரு.”

“இந்த வாக்கியத்தை யாரு எழுதினது?”

“மெஷினே எழுதிக்கிச்சு.”

“அப்ப மெஷினுக்குப் பசிச்சதே இல்லைன்னு தெரியுது.”

இந்த நகைச்சுவைக்காகவே தன்னை எடுத்ததாக சீராளன் நம்பினான். ஹரிநிவாஸ் சிரிக்கவில்லை.

வில்லை என்ன செய்கிறது என்று விளக்கியவர் டாக்டர் எஸ்தர் நேசமணி. ஐம்பது வயதைத் தாண்டிய உயிர்வேதியியல்காரர். பதினோரு மணிக்கு உணவகத்தில் டிபன் டப்பாவோடு உட்கார்வார். ஆனால் யாராவது வந்து சந்தேகம் கேட்டுக்கொண்டே இருப்பதால் டப்பாவைத் திறக்க மூன்று மணி ஆகிவிடும்.

“டாக்டர், நான் பன்னெண்டாவதுல தவளையப் பார்த்து மயங்கி விழுந்தவன். சீரியல் பார்க்கறவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.”

“சரி. கல்லீரல்தான் மாமியார்.”

“ஆகா. இது நம்ம ஏரியா.”

“நீங்க சோறு சாப்பிடறீங்க. ரத்தத்துல சர்க்கரை ஏறுது. உடனே கணையம் இன்சுலின்னு ஒரு ஆளை அனுப்புது. ‘அம்மா, சாப்பாடு வந்தாச்சு, மிச்சத்தை எடுத்து வையுங்க’ன்னு அவன் வந்து சொல்லுவான். மாமியார் அடுப்பைப் பத்தவெச்சு, மிஞ்சின சர்க்கரையக் கொழுப்பாக் காய்ச்ச ஆரம்பிச்சிடுவா. அதோட, பழைய கொழுப்பு இருக்கற ரூமைப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்குவா. ஒரு பக்கம் காய்ச்சிக்கிட்டு இன்னொரு பக்கம் எரிச்சா வீடு உருப்படுமா?”

“உருப்படாது. பசி வந்தா?”

“அப்ப குளுக்ககான்னு வேற ஒரு ஆள் ஓடி வருவான். ‘வீட்ல ஒண்ணும் இல்லம்மா’ம்பான். உடனே அடுப்பு அணையும், ரூம் திறக்கும். சேர்த்து வெச்சதை எடுத்து எரிப்பா. சர்க்கரையையும் கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல விடுவா. மனுஷன் உண்டான நாளா நடக்கற குடும்பம் இது.”

“நல்லாத்தானே போயிட்டிருக்கு? நாம எதுக்கு நடுவுல?”

“மூணு வேளையும் மலை மாதிரி சோறு. நடுவுல டீ. டீயோட பஜ்ஜி. முதல் ஆளு வாசலை விட்டுப் போறதே இல்ல. அடுப்பு அணையல, ரூம் திறக்கல, கல்லீரல் பூரா கொழுப்பு. அதனால சமன் அந்த அம்மாவோட காதை அடைச்சிடுது. இனிமே எந்த ஆள் வந்து கத்தினாலும் கேக்காது. சமன் சொன்னா மட்டும் கேக்கும். சாப்பிட்டாச்சுன்னா ரூமைப் பூட்டி, சர்க்கரைய மட்டும் சதைக்குத் தள்ளிவிடச் சொல்லும். சாப்பிடலைன்னா திறந்து எரிக்கச் சொல்லும். கொழுப்புக் காய்ச்சற அடுப்பை மட்டும் பத்தவைக்கவே விடாது.”

“ரத்தத்தைப் பார்த்து அதுவே தெரிஞ்சுக்காதா, சாப்ட்டமா இல்லையான்னு?”

“அது உசத்தி மாடல். ரத்தத்தைப் பார்க்கற உணரி உள்ள இருக்கும். இது முகாம்ல போடறது.” டாக்டர் காப்பியை ஓரமாகத் தள்ளினார். “உணரிக்கு விலை உண்டு. கேள்விக்கு விலை இல்ல.”

“யாராச்சும் பொய் சொன்னா?”

“சாப்ட்டுட்டு இல்லன்னு சொல்லுவாங்க. அதுக்கெல்லாம் பாதுகாப்பு வெச்சிருக்கு. மாத்திச் சொல்ல, அதாவது சாப்பிடாமலே சாப்ட்டேன்னு சொல்ல, எந்த மனுஷனுக்கும் காரணம் கிடையாதுன்னு இதை வடிவமைச்சவங்க முடிவு பண்ணிட்டாங்க.”

“அது சரிதான். எவன் சொல்லுவான்?” என்று சீராளன் சிரித்தான். டாக்டரும் சிரித்தார்.

அந்தப் பக்கமாகப் போன ஹரிநிவாஸ், “என்ன டாக்டர், சாப்டீங்களா?” என்றான்.

“ஆச்சு, ஆச்சு,” என்றார் டாக்டர், மூடி திறக்காத டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு.

தமிழில் படித்துத் தமிழில் வளர்ந்த இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் காதிலும் அது விழுந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சீராளன் வாக்கியத்தைத் திருத்தினான். அதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டான். ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டால் நாற்காலியைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம்தான் காரணம். ‘ஏதாச்சும் சாப்டீங்களா?’ என்பதுதான் அவன் கண்டுபிடிப்பு. அதில் அந்த ‘ஏதாச்சும்’தான் உயிர் என்று கூட்டத்தில் படம் போட்டு விளக்கினான். பழைய தொடரில் நல்ல மருமகளுக்குக் குரல் கொடுத்த பெண்ணையே கூப்பிட்டுப் பேசவைத்தான். ‘ஆச்சு’ என்று பதில் வந்தால் சொல்லவேண்டியதும் அவன் எழுதியதுதான்: ‘சந்தோஷங்க.’ அந்தக் குரல் ஒருமுறை கேட்டால், சாப்பிடாத கோபக்காரனும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவான்.

மறு மாதமே பத்தில் ஒன்பது பேர் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். ஹரிநிவாஸ் கேக் வெட்டினான். சீராளன் கேக்கைக் கைப்பேசியில் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினான்.

அக்கா பூங்கோதைக்கும் அந்த வில்லை இருந்தது. தாம்பரம் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைப்பவள். அங்கே நடந்த முகாமில், சீராளன் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே, வரிசையில் நிற்கவைத்துப் போட்டுவிட்டார்கள். ஆள் பார்க்க வேலிக்குச்சி. கல்லீரலில் மட்டும் கொழுப்பு.

கேக்கைப் பார்த்துக் குரல் அனுப்பியிருந்தாள்: “இப்பதான்டா அது மனுஷி மாதிரி பேசுது. நல்லா இருக்குடா.” சீராளன் அதை மூன்று முறை கேட்டான். தொடர் எழுதிய காலத்தில் அவள் ஒருநாளும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை.

அதிலிருந்து ஏழாவது நாள் காலர் தைத்துக்கொண்டிருந்தவள் மெஷின் மேலேயே சரிந்தாள். ஊசி விரலில் இறங்கியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் சர்க்கரை தேடினாலும் கிடைக்கவில்லை என்றார்கள்.

சீராளன் ஓடிப்போனபோது அவளுக்கு நினைவு திரும்பியிருந்தது. கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. மறு கையில் விரல் பெரிய கட்டோடு நீட்டிக்கொண்டு நின்றது.

“உடம்புல கொழுப்பு இருக்குங்கறாங்க, ஆனா எரியலையாம்,” என்றாள். “எங்க இருக்கோ, எனக்குத் தெரிஞ்சு நம்ம வீட்ல கொழுப்பு இருக்கற ஒரே ஆளு நீதான்.”

“மொட்டை மாடித் தொட்டி நிறையத் தண்ணி இருக்கு, வால்வை மூடிட்டாங்க. குழாய்ல காத்துதான் வருது. அதான் உன் கதை.”

“யாரு மூடினது?”

அதுதான் புரியவில்லை. கம்பெனியில் கேட்டதற்கு டாக்டர் எஸ்தரும் குழம்பிப்போயிருந்தார். ஒரே வாரத்தில் நகரம் முழுக்க இப்படிப் பலர் விழுந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஒரு கட்டடத் தொழிலாளி. பள்ளிக்கூட வாட்ச்மேன் ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. எல்லாரும் சாப்பிட்டாச்சு என்று வில்லையிடம் சொல்லியிருந்தார்கள். எல்லார் வயிறும் காலி.

அப்போது பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர் கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு அக்காவைப் பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று, “என்னம்மா கோதை இப்படி ஆயிடுச்சு? சாப்ட்டியா?” என்றார்.

“ஆச்சுக்கா. நீங்க?”

“ஆச்சும்மா.”

சீராளன் நிமிர்ந்தான். அக்காவுக்கு இன்னும் வாய்வழியாக ஒன்றும் கொடுக்கவில்லை. நாக்கு வறண்டு உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. வந்தவரோ வெயிலில் நேராகக் கடையிலிருந்து வருகிறவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவர் போகும்வரை காத்திருந்தான்.

“அக்கா, அன்னைக்கு அது உன்கிட்ட கேட்டுதா?”

“எது?”

“வில்லை. சாப்டீங்களான்னு.”

“கேட்டுது.”

“என்ன சொன்ன?”

“ஆச்சும்மான்னு சொன்னேன்.”

“சாப்ட்டியா?”

“எங்கடா? காலைல இருந்ததே நாலு இட்லி. பெரியவளுக்கு ரெண்டு, மாமியாருக்கு ரெண்டு. மத்தியானம் டப்பாவத் திறந்தா ரசம் ஊசிப்போயிருந்துச்சு.”

“அப்புறம் எதுக்குக்கா ஆச்சுன்னு சொன்ன?”

அவள் அவனைப் பார்த்த பார்வையில், இவ்வளவு வயசுக்கு இது தெரியாதா என்ற ஆச்சரியம்தான் இருந்தது. “பாவம்டா, எவ்ளோ ஆசையா கேக்குது அந்தப் பொண்ணு. இல்லன்னு சொன்னா அதுக்குக் கஷ்டமா இருக்காதா?”

“அது மெஷின்க்கா.”

“இருக்கட்டும். முன்னாடி ஒருத்தன் கேட்டானே, உட்கொண்டீர்களா உட்கொண்டீர்களான்னு. அவன்கிட்ட நான் இல்லன்னா இல்லன்னுதான் சொன்னேன். அவன் கவர்மென்ட்டு. அவனுக்கு எதுக்குப் பொய் சொல்லணும்? இது வீட்டு மனுஷங்க கேக்கற மாதிரி கேக்குது. வீட்டு மனுஷங்ககிட்ட போய் எனக்குச் சாப்பாடு இல்லன்னா சொல்லுவாங்க?”

‘ஏதாச்சும்’தான் உயிர் என்று தான் படம் போட்டு விளக்கியது சீராளனுக்கு நினைவு வந்தது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். திரும்பத் திரும்பக் கழுவினான்.

மறுநாள் கூட்டத்தில் அவன் ஒரே ஒரு காரியம்தான் கேட்டான். “பழைய வாக்கியத்தையே போட்டுடுங்க. கழட்ட முடிஞ்சா கழட்டிடுங்க.”

“கழட்டினா அடைச்ச காது உடனே திறக்காது,” என்றார் டாக்டர் எஸ்தர். “ஆறு மாசம், ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரைக்கும் கல்லீரல் யார் பேச்சையும் கேக்காது. உங்க அக்காவுக்கு வில்லையும் இருக்கணும், அதுக்கு உண்மையும் தெரியணும். வேற வழி இல்ல. உணரி வெச்ச மாடலை எல்லாருக்கும் கொடுத்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.”

கடைசி வாக்கியம் அறையில் யாருக்கும் கேட்காதது போலிருந்தது.

“பழைய வாக்கியத்துக்குப் போனா பாதிப் பேர் பதில் சொல்ல மாட்டாங்க,” என்றான் ஹரிநிவாஸ். “அதுலயும் விழுவாங்க. ஏதாவது வழி சொல்லுங்க சார். உங்க ஜனங்க, உங்க பாஷை.”

சீராளன் யோசித்தான். அவனுக்கு யோசனை வராமலே போயிருக்கலாம். பாழாய்ப்போனது வந்தது.

“தன்னைப் பத்திக் கேட்டா நம்ம ஆளு பொய் சொல்லுவான். அடுத்தவனைப் பத்திக் கேளுங்க. உண்மைய மட்டும் சொல்லுவான். கேக்காததையும் சேர்த்துச் சொல்லுவான்.”

இந்தமுறை ஹரிநிவாஸ் சிரித்தான். மேசையைத் தட்டிச் சிரித்தான். அன்று மாலைக்குள் திட்டம் தயார். வில்லை வைத்துக்கொண்டவர் ஒரு சாட்சியைச் சொல்ல வேண்டும். கணவன், பிள்ளை, அண்ணன், தம்பி, யாராக இருந்தாலும் சரி. காதுப் பொத்தானை இனி சாட்சிதான் ஒட்டிக்கொள்ள வேண்டும்; வேளாவேளைக்கு அந்த மருமகள் குரல் அவர் காதில்தான் கேட்கும்.

“வீட்ல அவங்க சாப்பிடறதை யாரு பார்க்கறாங்க?” என்று டாக்டர் எஸ்தர் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

அக்காவுக்கு யார் சாட்சி என்ற பேச்சு வந்தது. “உங்க மாமா வேணாம்டா,” என்றாள். “அவருக்குத் தான் சாப்ட்டதே நெனப்பு இருக்காது. நீயே இரு.”

சீராளன் பொறுப்பாகத்தான் இருந்தான். சாப்டியா என்று கேட்பதை விட்டுவிட்டான். ‘இன்னைக்கு என்ன கொழம்பு?’ என்று கேட்டான். அதற்குப் பொய் சொல்வது கஷ்டம். வாய் தடுமாறும். தடுமாறினால் விட மாட்டான், சாப்பிட்ட பிறகு தட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னான்.

“நீ என்ன எச்சத் தட்டெல்லாம் சேர்த்து வெக்கறியா?” என்று அவள் திட்டினாள். ஆனால் அனுப்பினாள். தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோக விட மாட்டார்கள், வாயிலிலேயே வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். மதிய இடைவேளையில் மட்டும் கையில் கிடைக்கும். அந்தச் சமயத்தில் குரல் வரும். “காரக்குழம்பு, கத்திரிக்கா. ஆச்சு.” “நேத்து வெச்ச சாம்பார். ஆச்சு.” அதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் வில்லைக்குப் பதில் சொல்வான்.

நகரத்தில் விழுகிறவர்கள் குறைந்தார்கள். அக்கா கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. வாரங்கள் போனபோது ஒருநாள் குரலைக் கேட்காமலே ஆச்சு என்று பதில் சொன்னான். பிறகு கேட்டுப்பார்த்தால் அவள் சாப்பிட்டுத்தான் இருந்தாள். இன்னொரு நாளும் அப்படியே. தினமும் நடக்கிற ஒன்றைத் தினமும் சரிபார்ப்பது, மாடி ஏறிய பிறகு கீழே கதவைப் பூட்டினோமா என்று திரும்ப இறங்கிப் பார்ப்பதைப் போல. முதலில் பார்ப்போம். பிறகு பூட்டியிருப்போம் என்று படுத்துக்கொள்வோம்.

சாட்சித் திட்டம் எல்லா மாவட்டத்துக்கும் போனதைக் கொண்டாடக் கம்பெனியில் விருந்து வைத்தார்கள். வாழையிலை, பிரியாணி. சீராளனுக்கு மேடையில் சால்வை போட்டார்கள். அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன்னைக் கேலி செய்து ஏதோ கதை சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். ஹரிநிவாஸ் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். எதிரே டாக்டர் எஸ்தர்.

காதுக்குப் பின்னால் மருமகள் குரல் கேட்டது. “உங்க அக்கா பூங்கோதை ஏதாச்சும் சாப்டாங்களா?”

கதை முக்கியமான கட்டத்தில் இருந்தது. வாயில் கறி.

“சாப்ட்டிருப்பா,” என்றான்.

“சந்தோஷங்க,” என்றது.

ஹரிநிவாஸ் சிரித்தான். டாக்டர் எஸ்தர் சிரிக்கவில்லை. கவளத்தை இலையில் வைத்துவிட்டு அவனையே பார்த்தார்.

“சீராளன், இப்ப என்ன சொன்னீங்க?”

“அக்காவைப் பத்திக் கேட்டுது. சாப்ட்டிருப்பான்னு…”

“அது ஆமாவா, இல்லையா?”

அவன் வாய் அசைவது நின்றது.

“மெஷின் ஆமான்னு எடுத்துக்குது,” என்றார் டாக்டர். “சாட்சிங்க சொல்ற பதில்ல முக்கால்வாசி இதுதான். சாப்ட்டிருப்பா, சாப்ட்டிருப்பாங்க. ஆம்பளைங்களைப் பத்திக் கேட்டா ஒருத்தரும் இப்படிச் சொல்றதில்ல. சாப்ட்டாரு இல்ல சாப்பிடல, அவ்வளவுதான். பொம்பளைங்களுக்கு மட்டும்தான் இந்த ‘இருப்பா’. இதை எப்படி மாத்தறதுன்னு உங்ககிட்டதான் கேக்கணும்னு நெனச்சிட்டிருந்தேன்.”

சீராளன் எச்சில் கையால் கைப்பேசியைத் திறந்தான். சால்வை போடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்த குரல் ஒன்று கேட்கப்படாமல் கிடந்தது.

“டேய் சீரா, நான்தான்டா. இன்னைக்கு ஷிப்மென்ட்டாம், சாப்பாட்டுக்கு விடல. ரெண்டு நிமிஷம் மட்டும் போனைக் குடுத்தாங்க, திரும்ப வாங்கிக்கப் போறாங்க. காலைலயும் ஒண்ணும் சாப்பிடல. அது கேட்டுச்சுன்னா இல்லன்னு சொல்லிடு. சாயங்காலம் வரைக்கும் தாங்கிக்குவேன், ஆனா நீ இல்லன்னு சொல்லிடு.” பின்னால் யாரோ அதட்டுவது கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பசிக்குதுடா.”

அக்கா அந்தச் சொல்லைச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள். அந்தச் சொல் இல்லாமலே வளர்த்துவிட்டாள்.

“பதிலை மாத்த முடியுமா டாக்டர்?”

டாக்டர், “ஊசி போட்ட மாதிரிதான். மருந்து இறங்கியாச்சு,” என்றார்.

அவன் அக்காவின் எண்ணை அழுத்தினான். மணி போனது. திரும்ப அழுத்தினான். படிகளில் இறங்கிக்கொண்டே அழுத்தினான். ஆட்டோவில் ஏறி, “தாம்பரம், சீக்கிரம்” என்று சொல்லிவிட்டு மறுபடி அழுத்தினான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் வேகத்தைக் கூட்டினார்.

தொழிற்சாலை வாயிலில், பூட்டிய பெட்டிக்குள் அவள் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்திருக்கும். உள்ளே, வரிசை வரிசையாக ஓடும் மெஷின்களில் ஒன்றின் முன்னால் குனிந்து காலர் தைத்துக்கொண்டிருந்தவளின் கல்லீரல், தம்பியே சொல்லிவிட்டானே என்று, எல்லாக் கதவுகளையும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தது.